கடைசி பாராவ நான் ஏன் தூக்கினேன்

திங்கட்கிழமைலருந்து என் சீட்டுல உக்காரப் போற உங்க ரெண்டு பேருக்கும்தான் இத அடிக்கறேன். டெஸ்க்டாப்லயே போட்டு வெச்சிட்டுப் போறேன். படிக்காம டெலிட் பண்ணீங்கன்னா கண்டிப்பா தெரிஞ்சிடும், ஓனர் போன் போட்டு சொல்லிடுவாரு.

ரிடையர் ஆவறேன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. வயசு இருபத்தெட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா ஏழு வருஷமா திங்கட்கிழமை திங்கட்கிழமையா மனு அடிச்சவன் வெரலுக்கு அறுவது வயசு. போகப் போக நீங்களே பாப்பீங்க.

பேப்பர் மாட்டிக்கிச்சின்னா எப்படி இழுக்கறது, ஃபான்ட் எங்க இருக்கு, டோனர எப்படி ஆட்டி இன்னும் அம்பது காப்பி எடுக்கறது, அதெல்லாம் ஓனர் சொல்லிக் குடுப்பாரு. அவருக்கு தெரிஞ்சது அது மட்டும்தான். (படிச்சா படிக்கட்டும்.) நான் சொல்ல வந்தது வேற.

நம்ம கடை எங்க இருக்குன்னு நெனச்சுப் பாருங்க. வேங்கிக்கால், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல. திங்கட்கிழமைன்னா மனு நாள். ஜில்லா முழுக்க இருந்து பஸ் புடிச்சு வராங்க. பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு, வழி மறிச்சிட்டான், புருசன் அடிக்கறான், எல்லாம் இந்த ரோடு வழியாதான் உள்ள போவுது. எழுதத் தெரியாதவங்க, தெரிஞ்சும் எப்படி எழுதறதுன்னு பயப்படறவங்க நம்ம நாலு கடைல ஏதாவது ஒன்னுல ஏறுவாங்க. அவங்க வாயால சொல்லுவாங்க, நாம அடிப்போம், அவங்க கையெழுத்து போடுவாங்க. நடுவுல நாம இருக்கோம். இந்த நடுவுலதான் மேட்டரே.

காலேஜ் கடைசி வருஷம் டை கட்டின ஒரு ஆளு வந்து பர்சனாலிட்டி டெவலப்மென்ட்னு ஒரு நாள் முழுக்க பேசினாரு. அஞ்சு வருஷத்துல உங்க கோல் என்ன, எழுதுங்கன்னாரு. எழுதினேன். பைக். சொந்தக் கடை. திருவண்ணாமலைலயே ஃபாஸ்ட்டா டைப் பண்றவன். சூப்பர்னு தோள தட்டிட்டுப் போயிட்டாரு.

இங்க சேந்த ஒடனே மானிட்டர் மேல ஒரு சீட்டு ஒட்டினேன்: "இன்னிக்கு அறுவது." ஒரு நாளைக்கு அறுவது மனு. பக்கத்து கடைக்காரன் ஒன்னு அடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு முடிச்சி மூணாவது ஆள கூப்பிடுவேன். ஓனருக்கு ஒரே குஷி. "இவன் வெரல்ல மோட்டார் வெச்சிருக்கான்யா"ன்னு டீக்கடைல போய் சொல்லுவாரு. நானும் அப்படியே மெதப்புல திரிஞ்சேன்.

அந்த மோட்டாருக்கு எண்ணெய் எதுன்னா, டெம்ப்ளேட். எல்லா மனுவும் ஒரே மாதிரிதான். பேர மாத்து, ஊர மாத்து, நடுவுல மேட்டர போடு, கடைசி பாரா அப்படியே இருக்கட்டும்.

அந்த கடைசி பாராதான் நம்ம கடை ஸ்பெஷல். "தாங்கள் நடவடிக்கை எடுக்கத் தவறும் பட்சத்தில், என் குடும்பத்துடன் விஷம் அருந்தி உயிரை மாய்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

இத நானா யோசிச்சு எழுதல. மொத மொதல்ல ஒரு கஸ்டமர் சொன்னாரு, நெஜமாவே அழுதுகிட்டே சொன்னாரு. நான் அடிச்சேன். மூணே நாள்ல ஆபீஸ்லருந்து அவர் வீட்டுக்கு ஆளு வந்துச்சாம். ஸ்வீட் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அட, இது வேல செய்யுதேன்னு நான் அத எடுத்து டெம்ப்ளேட்ல போட்டேன். ஒருத்தர் அழுகைய காப்பி பண்ணி ஊருக்கே பேஸ்ட் பண்ணிட்டேன். அப்ப அது எனக்கு அப்படி தெரியல. ஐடியான்னு தெரிஞ்சுது. அப்புறம் ஆளுங்களே வந்து கேக்க ஆரம்பிச்சாங்க. "தம்பி, அந்த காட்டமான லைன் ஒன்னு போடுவியாமே, அத போடு." கேக்காதவங்களுக்கும் அது தானா போச்சு.

இப்ப கஸ்தூரி அக்கா மேட்டருக்கு வரேன்.

நான் சேந்து ஒன்ற வருஷம் இருக்கும். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம் அவங்களுக்கு. முப்பது முப்பத்திரெண்டு வயசு. புருசன் செத்து மூணு வருஷம், ரெண்டு பசங்க. அவங்க ஊரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் உதவியாளர் வேலை காலி. புதன்கிழமை இன்டர்வியூ. ஆதரவற்ற விதவைன்னு ஒரு சான்று இருந்தா முன்னுரிமை. அந்த சான்றுக்கு எழுதிக் குடுத்து மாசக்கணக்கா வரல. அத சீக்கிரம் குடுங்கன்னு கேக்கத்தான் மனு. அவ்ளோதான்.

அன்னிக்கு ஏகப்பட்ட கூட்டம். அவங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். நாலு நிமிஷம் கூட ஆவல. பிரிண்ட் வந்துச்சு. "இங்க போடுங்கக்கா." போட்டாங்க. "நெக்ஸ்ட்."

பன்னண்டு மணி வாக்குல எதிர்ல இருந்து ஒரு லேடி கான்ஸ்டபிள் ரோட்ட தாண்டி வராங்க, கைல மனுவோட ஜெராக்ஸ். கடை கடையா ஏறி எறங்கினாங்க. "கஸ்தூரின்னு ஒரு அம்மாக்கு இத யாருபா அடிச்சுக் குடுத்தது?" மொத ரெண்டு கடைலயும் இல்லன்னுட்டாங்க. நம்ம கடைக்கு வந்தாங்க.

ஓனர் அத வாங்கிக்கூட பாக்கல. "நம்ம கடை இல்ல மேடம். நம்ம ஃபான்ட் வேற."

நாலு கடைலயும் ஒரே ஃபான்ட்தான். நான் கீபோர்ட பாத்துட்டு இருந்தேன். வாய தொறக்கல. இத எழுதறதுக்கு எனக்கு நல்லா இல்ல, ஆனா எழுதிடறேன். வாய தொறக்கல.

அந்த கான்ஸ்டபிள் போகாம அங்கயே நின்னு பேசினாங்க. "வேற ஏதோ ஜில்லால போன வாரம் கலெக்டர் ஆபீஸ் கேட்டு முன்னாடி ஒருத்தர் விஷம் குடிக்கப் பாத்து ஒரே கலாட்டாவாம், அதனால இன்னிக்கு ஒவ்வொரு வரியா படிக்கறாங்க. இந்தம்மாகிட்ட, இதுல எழுதியிருக்கறதெல்லாம் நெஜமாம்மான்னு கேட்டாங்க. எல்லாம் சத்தியமா நெஜங்கன்னு சொல்லுது. அப்புறம் விட முடியுமா? உக்கார வெச்சிருக்காங்க. சத்துணவு மேடத்துக்கு வேற தகவல் போயிடுச்சு. பசங்களுக்கு சோறு ஆக்கற வேலைக்கு கேட்டிருக்குது, பசங்களோட சேத்து விஷம் குடிப்பேன்னு எழுதியும் குடுத்திருக்குது. நீங்களே சொல்லுங்க, யாரு எடுப்பாங்க?"

சொல்லிட்டு நாலாவது கடைக்கு போயிட்டாங்க.

ஓனர் என் பக்கம் குனிஞ்சாரு. "டெலிட் பண்ணு."

"அண்ணே..."

"அண்ணனாவது நொண்ணனாவது. ஃபைல டெலிட் பண்ணு, ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணு. கேஸு கீஸுன்னு ஆச்சின்னா கடைக்கு பூட்டு."

ஃபைல செலக்ட் பண்ணிட்டேன். ஃபைல் பேரு "கஸ்தூரி 29". அன்னிக்கு இருவத்தொம்பதாவது மனு, அதுக்கப்புறம் பன்னண்டு அடிச்சாச்சு. சீட்டுல அறுவதுன்னு இருக்கு, இன்னும் பத்தொம்பது பாக்கி. அப்படித்தான் என் மூளை ஓடுச்சு, பாத்துக்கங்க. ஒரு பொம்பள அங்க உக்காந்திருக்காங்க, எனக்கு பாக்கி பத்தொம்பது.

அத நெனச்ச ஒடனே எனக்கே சீன்னு ஆயிடுச்சு. டெலிட் பட்டன் மேல இருந்த வெரல எடுத்தேன். பிரிண்ட் குடுத்தேன். பேப்பர எடுத்துகிட்டு எழுந்தேன்.

"எங்கடா போற?"

"எதிர்ல."

"போனா திரும்பி வராத."

"சரிண்ணே."

வெளிய கியூல நின்னவங்கள்ள ஒருத்தர், "தம்பி, என்னுது?"ன்னாரு. நிக்காம ரோட்ட தாண்டிட்டேன்.

உள்ள ஒரு ரூம்ல பெஞ்சு மேல கஸ்தூரி அக்கா உக்காந்திருந்தாங்க. மஞ்சப்பைய மடில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு. என்ன பாத்ததும் மொகம் தெளிஞ்சிடுச்சு. "இதோ வந்துடுச்சு பாருங்க, இந்த தம்பிதான் அடிச்சுது. நீயே சொல்லு தம்பி, நான் என்ன தப்பா கேட்டேன்? சர்ட்டிபிகேட்டுதான கேட்டேன்?"

தனக்கு உதவி பண்ண நான் வந்திருக்கேன்னு அவங்களுக்கு நெனப்பு. அதுதான் ரொம்ப கொடுமையா இருந்துச்சு.

மேஜைக்கு அந்தப் பக்கம், மனு வாங்கற ஆபீசர் மேடம். கண்ணாடிய எறக்கி விட்டு என்ன பாத்தாங்க.

"மேடம், அந்த கடைசி பாரா அவங்க சொன்னது இல்ல. நான் போட்டது. எல்லாருக்கும் போடுவேன். அவங்களுக்கு அப்படி ஒன்னு இருக்கறதே தெரியாது."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும் மேடம்."

அவங்க பக்கத்துல இருந்த மனுக்கட்ட இழுத்தாங்க. ஒன்னொன்னா கடைசி பக்கம் மட்டும் பொரட்டினாங்க. ஒன்ன எடுத்து தனியா வெச்சாங்க. இன்னொன்னு. இன்னொன்னு. என் பாரா, என் பாரா, என் பாரா. எழுத்துப் பிழை கூட ஒரே எடத்துல.

அப்புறம் கேட்டாங்க. சத்தமே போடல. "நாளைக்கு நெஜமாவே அந்த நெலமைல ஒருத்தர் வந்து இதே வரிய எழுதிக் குடுத்தா, நான் எப்படிப்பா கண்டுபிடிக்கறது?"

மொதல்ல அத அழுதுகிட்டே சொன்னாரே ஒருத்தர், அவர் மொகம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

கஸ்தூரி அக்கா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாங்க. "என்ன வரி? என்ன எழுதியிருக்குது?"

மேடம் படிச்சு காட்டினாங்க. முழுசா.

அக்கா கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தல. "என் பிள்ளைங்களுக்கா?"ன்னாங்க. "என் பிள்ளைங்களுக்கு நான் விஷம் குடுப்பேன்னா எழுதின?"

"அக்கா, அது சும்மா... எல்லாருக்கும் போடற லைனு..."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் கைல இருந்த பிரிண்ட மடிச்சேன்.

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எழுத்துக்கூட்டி படிப்பேன். நேரம் ஆவும், ஆனா படிப்பேன். நீ பேப்பர நீட்டும்போதே பேனாவயும் நீட்டி, இங்க போடுன்னு வெரல வெச்சு காமிச்சிட்டியேபா. பின்னாடி வேற எல்லாம் நிக்கறாங்க. நான் எங்க படிக்கறது?"

மேடம் ஒரு வெள்ளப் பேப்பர் குடுத்து, இப்ப சொன்னதெல்லாம் கையால எழுது, அப்பா பேரோட, அட்ரஸோட கையெழுத்து போடுன்னாங்க. கையால எழுதியே எத்தினியோ நாளாச்சு. ஒரு பக்கம் எழுத அர மணி நேரம். "மேற்படி வரிகளை மனுதாரர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் நான் சேர்த்தேன்." இந்த ரெண்டு வரி எழுதறதுக்கு மட்டும் பத்து நிமிஷம். ஊர்ல ஃபாஸ்ட்டு நானு.

அக்காவுக்கு புது மனு வேணும். "நான் எழுதித் தரேன்கா"ன்னேன்.

"நீ வேணாம்."

கான்ஸ்டபிள்தான் எழுதிக் குடுத்தாங்க. நாலு வரி. அத வாங்கி, வெரல வெச்சு, வாய அசைச்சு, மெதுவா படிச்சு முடிச்சிட்டு கையெழுத்து போட்டாங்க. ஒருத்தரும் அவசரப்படுத்தல.

அந்த லெட்டரும் பழைய மனுவும் ஒரே ஃபைல்ல போச்சு. போலீஸ் என்ன எச்சரிச்சு அனுப்பினாங்க. ஓனர் சொன்ன சொல் தவறாம வேலைய விட்டு தூக்கினாரு.

ஒம்போது நாள் சும்மா இருந்தேன். எனக்கு ரூமு ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டுல. அந்த ஏரியா தெரியுமில்ல? தெருவுல பாதி பேரு தன்னத்தானே தேடி ஃப்ளைட் புடிச்சு வந்தவங்க. நான் டவுன் பஸ்ல வேலைய தேடிட்டு இருந்தேன். ஊருக்கு போன் பண்ணி சொல்லல. வெத நெல்லு எடுத்து வெச்ச மாதிரி காசு எடுத்து வெச்சு படிக்க வெச்சவங்ககிட்ட என்னன்னு சொல்றது?

அப்பதான் காலேஜ் நோட்ட எடுத்தேன். பைக், கடை, ஃபாஸ்ட்டு. மூணும் எனக்கு என்ன வேணும்ங்கறது. நான் எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. சரி, எழுதுவோம்னு உக்காந்தேன்.

"நல்லவனா இருக்கணும்."

எழுதிட்டு நானே சிரிச்சிட்டேன். யாருக்கு நல்லவன்? எப்ப செக் பண்றது? பாராவ டெம்ப்ளேட்ல போட்டப்ப கூட ஜனங்களுக்கு நல்லது பண்றேன்னுதான நெனச்சேன்? கோடு போட்டு அடிச்சிட்டேன்.

"நேர்மையா இருக்கணும்." அதயும் அடிச்சேன். ஓனர் என் பக்கத்துல நின்னு பொய் சொன்னப்ப நான் பொய் சொல்லலியே, சும்மாதான இருந்தேன்? இந்த மாதிரி பெரிய பெரிய வார்த்தைங்களுக்குள்ள ஒளிஞ்சிக்க நெறய எடம் இருக்குப்பா.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு வரி வந்துச்சு. "கையெழுத்து போடறவங்க ஒவ்வொரு வரியும் தெரிஞ்சிதான் போடணும். தெரியலன்னா பிரிண்ட் குடுக்க மாட்டேன்." அதுக்கு கீழ இன்னொன்னு: "என் தப்ப வேற யாரும் தேடிட்டு வர்றதுக்கு முன்னாடி நானே போவேன்."

இந்த ரெண்டயும் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, கியூ கத்தும்போது, செஞ்சேனா இல்லியான்னு செக் பண்ண முடியும். நீங்களும் எதாவது எழுதினா இந்த மாதிரி எழுதுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு படுத்துகிட்டு எப்படிப்பட்ட ஆளு வேணா ஆயிடலாம், யாரு கேக்கறது?

பத்தாவது நாள் ஓனர் ஆள் அனுப்பினாரு. புதுசா போட்ட பையன் ஒரு மனுவுக்கு இருவது நிமிஷம் எடுத்துக்கறானாம். போனேன்.

"வாடா ராஜா. வந்து உக்காரு."

"ரெண்டு கண்டிஷன்ணே. கடைசி பாரா கெடயாது. அப்புறம், படிச்சு காட்டாம யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"படிச்சு காட்டினா எப்ப முடியும்? கடைய மூடிட்டு கிரிவலம் போலாமா?"

"பாருங்கண்ணே. இல்லன்னா அந்த பையனே இருக்கட்டும்."

அஞ்சு நிமிஷம் திட்டினாரு. அப்புறம் ஃபேன போட்டாரு. நான் உக்காந்தேன். அறுவதுன்னு இருந்த சீட்ட கிழிச்சேன். புதுசா எதுவும் ஒட்டல, ஒட்டினா கஸ்டமருங்களுக்கு படம் காட்ற மாதிரி இருக்கும்.

அன்னிக்கே ஒருத்தர், "அந்த காட்டமான லைன போடு"ன்னாரு. இல்லீங்கன்னேன். "பக்கத்துல போடறானாம்." போங்கன்னேன். அவர் பின்னாடியே இன்னும் மூணு பேர் போனாங்க. ஓனர் என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. நான் ஏந்திரிக்கல.

ஒடனே திருந்தி சூப்பர் ஆளா ஆயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டாவது வாரமே உட்டுட்டேன். ஒரு தாத்தாவுக்கு பஸ்ஸு போயிடும்னு அவசரப்படுத்தினாங்க, படிச்சு காட்டாமயே குடுத்துட்டேன். அவர் ரோட்ட தாண்டினப்புறம் ஒடம்பு கேக்கல. ஓடிப் போய் கியூல நின்னவர புடிச்சு அங்கயே படிச்சு காட்டினேன். சர்வே நம்பர் தப்பு. திரும்ப அடிச்சேன். பஸ்ஸு போயிடுச்சு, அவர் கண்டபடி திட்டினாரு. வாங்கிகிட்டேன்.

இன்னொரு நாள் ஒரு அக்காவுக்கு படிச்சு காட்டிட்டு இருக்கேன், புருசன் அடிச்சது பத்தி. பாதில நிமிந்து பாத்தா பின்னாடி பத்து பேர் காதக் குடுத்து கேட்டுட்டு இருக்காங்க. அந்த அக்கா தல குனிஞ்சிட்டாங்க. அன்னிலருந்து அந்த மாதிரி மனுன்னா மானிட்டர அவங்க பக்கம் திருப்பிட்டு, கொரல எறக்கிப் படிப்பேன். படிச்சு காட்டறதுன்னு ஒரு ரூல் வெச்சிட்டா மட்டும் பத்தாது, எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாக்கணும். கஸ்டமர் உக்கார்ற ஸ்டூல கியூவுக்கு எட்டாம ஓனர் ஜன்னலாண்ட இழுத்து போட்டாரு பாருங்க, அது அதுக்குதான். நகத்தாதீங்க.

இப்ப ஒரு நாளைக்கு முப்பது மனு, மிஞ்சினா முப்பத்தஞ்சு. பைக்கு இன்னும் வாங்கல. இப்ப பரீட்ச எழுதி பாஸாகி தாலுகா ஆபீசுக்கு போறேன். அங்க மனு வாங்கற மேஜைல போடுவாங்களாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்றதுக்கு வேற வரி எழுதணும், இன்னும் எழுதல. எழுதிடுவேன்.

கஸ்தூரி அக்கா என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. அந்த புதன்கிழமை இன்டர்வியூக்கு போனாங்க, சான்றும் செவ்வாக்கிழமையே கைக்கு வந்துடுச்சு. அது என் லெட்டராலயா, அந்த மேடத்தாலயா, அவங்க அதிர்ஷ்டமா, எனக்கு தெரியாது. நாலஞ்சு மாசம் கழிச்சு கான்ஸ்டபிள்தான் சொன்னாங்க, "அந்தம்மா வேலைக்கு சேந்துடுச்சு"ன்னு.

அதுக்கு அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, கஸ்தூரி அக்கா ரோட்டுல வராங்க. நான் ஜன்னல் வழியா பாத்துட்டேன். அவங்களும் என்ன பாத்துட்டாங்க. நிக்கல. நம்ம கடைய தாண்டி பக்கத்து கடைல ஏறினாங்க.

கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "அக்கா, இப்ப நான் அப்படி இல்லக்கா, வந்து பாருங்க"ன்னு சொல்லணும். ஆனா அத சொன்னா யாருக்காக சொல்றேன்? எனக்கு மார்க் போடறது அவங்க வேல இல்ல. உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல பேப்பரோட வெளிய வந்தாங்க. பக்கத்து கடைக்காரன் வெளிய வந்து, "கையெழுத்து போட்டுட்டு போம்மா, இங்கயே போடு"ன்றான். "இருப்பா"ன்னுட்டு, வெயில்ல நின்னுகிட்டே வெரல வெச்சு மேலருந்து கீழ வரைக்கும் படிச்சாங்க. பின்னாடி நின்னவன் சலிச்சுகிட்டான். திரும்பிக்கூட பாக்கல. முடிச்சிட்டு வாசல்லயே அவன்கிட்ட எதையோ காமிச்சு, அத எடுக்கச் சொல்லி, புதுசா பிரிண்ட் வாங்கி, அதயும் படிச்சிட்டுதான் பேனாவ கேட்டாங்க.

என் எதிர்ல ஒருத்தர் பேனாவோட ரெடியா இருந்தாரு. "எங்க தம்பி போடணும்?"

"பேனாவ வைங்கய்யா. மொதல்லருந்து படிக்கறேன், கேளுங்க."